டெக்ஸாஸில் கட்டட வேலை: ஒரே தொகையா, பிரித்த கணக்கா?

டெக்ஸாஸ் மாநிலத்தில் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டால் இரண்டு விதமான தாள்கள் கைக்கு வரும். ஒன்றில், ‘வேலை முழுவதற்கும் 51,650 டாலர்’ என்று ஒரே வரி. இன்னொன்றில், கேபினெட், குவார்ட்ஸ் மேடை, சுவர் ஓடு, குழாய் என்று பொருள்களுக்கு 25,000 டாலர், வேலைக்கூலி 25,000 டாலர், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘விற்பனை வரி தனி’. இரண்டாவது தாளைப் பார்த்ததும் ஆயிரத்தறுநூறு டாலர் மிச்சம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுதான் 412 டாலர் கூடுதல்.

எந்தத் தாளில் கையெழுத்திடுவது என்பது பலரும் நினைப்பதைவிடப் பெரிய முடிவு. கட்டட வேலைக்கான விற்பனை வரி, வேலை முடிந்து பில் வரும்போது தீர்மானிக்கப்படுவது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. எந்தக் கட்டடம், என்ன வேலை, ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் வைத்து, முதல் ஆணி அடிக்கும் முன்பே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பிறகு பில்லை எப்படி மாற்றி எழுதினாலும் பலன் குறைவு.

டெக்ஸாஸில் தனிநபர் வருமான வரி கிடையாது. அதனால் மாநில அரசின் வருவாயில் விற்பனை வரிக்குப் பெரிய இடம் உண்டு. மாநில வரி 6.25 சதவீதம். நகரம், போக்குவரத்து அமைப்பு போன்றவை அதன் மேல் அதிகபட்சம் 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளலாம். ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ நான்கிலும் மொத்தம் 8.25 சதவீதம். இந்த வரியை நிர்வகிப்பது மாநிலத்தின் காம்ப்ட்ரோலர் அலுவலகம்.

வீடு என்றால்

முதல் தாள் ‘லம்ப் சம்’ எனப்படும் ஒரே தொகை ஒப்பந்தம். இதில் பொருள்களின் இறுதி நுகர்வோர் ஒப்பந்தக்காரர்தான் என்று சட்டம் கருதுகிறது. அவர் ஹோம் டிப்போவிலோ மொத்த வியாபாரியிடமோ மரமும் ஓடும் வாங்கும்போதே வரி கட்டிவிடுகிறார். உங்களிடம் விற்பனை வரி என்று எதையும் வாங்கக் கூடாது. அவர் கட்டிய வரி அவருடைய செலவுகளில் ஒன்றாக விலைக்குள் கரைந்திருக்கும்.

இரண்டாவது, பிரித்த ஒப்பந்தம். பொருளுக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை என்று ஒப்பந்தத்திலேயே தனித்தனியாக எழுதியிருக்கும். இங்கே ஒப்பந்தக்காரர் கடைக்காரராகிவிடுகிறார். மறுவிற்பனைச் சான்றிதழைக் கொடுத்து வரியில்லாமல் பொருள் வாங்கி, உங்களுக்கு விற்கும் விலையின் மேல் வரி வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறார். குடியிருப்பு வேலை என்பதால் கூலிக்கு வரி இல்லை.

இப்போது அந்த 412 டாலருக்கு வருவோம். ஒப்பந்தக்காரர் பொருள்களை 20,000 டாலருக்கு வாங்குகிறார், லாபம் வைத்து 25,000 டாலருக்கு உங்களிடம் கணக்கெழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தொகை ஒப்பந்தத்தில் வரி விழுவது அவர் வாங்கிய 20,000 மேல். அதாவது 1,650 டாலர். பிரித்த ஒப்பந்தத்தில் வரி விழுவது உங்களுக்கு விற்ற 25,000 மேல். அதாவது 2,062 டாலர் 50 சென்ட். அவருடைய லாபத்துக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டுகிறீர்கள்.

ஆனால் இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு, அதைப் பேசிப் பார்ப்பவர்கள் குறைவு. பிரித்த ஒப்பந்தத்தில் பொருளின் விலை, ஒப்பந்தக்காரர் வாங்கிய விலைக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேல் எவ்வளவு என்பது இருவரும் ஒப்புக்கொள்வதுதான். பொருளை வாங்கிய விலைக்கே எழுதி, லாபத்தைக் கூலிப் பகுதியில் வைக்கச் சொன்னால் வரி மீண்டும் 1,650 ஆகிவிடும். ஒப்பந்தக்காரருக்கு ஒரு சென்ட்டும் குறையாது. கேட்டால் பெரும்பாலோர் மறுக்கக் காரணமில்லை.

அப்படியானால் வீட்டு வேலைக்கு எது மேல்? வரியை மட்டும் பார்த்தால் ஒரே தொகைக்குச் சற்றே சாதகம். நான் அதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். பிரித்த ஒப்பந்தத்தில் குவார்ட்ஸ் மேடைக்கு எவ்வளவு, கேபினெட்டுக்கு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பாதி வேலையில் ‘இந்தக் கல் கிடைக்கவில்லை, வேறு போடலாம்’ என்று பேச்சு வந்தால் எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஐம்பதாயிரம் டாலர் வேலையில் நானூறு டாலர் கொடுத்து அந்தத் தெளிவை வாங்குவது மோசமான வியாபாரம் அல்ல. சின்ன வேலை, நன்கு தெரிந்த ஒப்பந்தக்காரர், பொருள் தேர்வு முழுவதும் முடிந்துவிட்டது என்றால் ஒரே தொகையே போதும்.

மூன்றாவது வழியாகப் பொருள்களை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலிக்கு மட்டும் ஆள் வைப்பதும் நம்மவர்களிடம் பரவலாக உண்டு. வரியில் இது எதையும் மிச்சப்படுத்தாது. கடையில் நீங்களே 8.25 சதவீதம் கட்டப்போகிறீர்கள், அதுவும் ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இல்லாத விலையின் மேல். ஓடு நான்கு பெட்டி உடைந்து வந்தாலோ, சிங்க் அளவு தவறினாலோ பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்தக்காரர் பொருளின் மேல் வைக்கும் லாபம் மிக அதிகம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதில் பயன்.

ஒரே தொகை ஒப்பந்தம் போட்டுவிட்டு, கடைசி பில்லில் மொத்தத் தொகையின் மேல் ‘விற்பனை வரி 8.25 சதவீதம்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பு வேலையில் அது இருக்கவே கூடாத வரி. பெரும்பாலும் அறியாமையால் நடப்பது, ஆனால் உங்களுக்கு நட்டம் நட்டம்தான். 50,000 டாலர் வேலையில் அது 4,125 டாலர். பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். கொடுத்துவிட்டிருந்தால், வாங்கியவரிடமே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒரே தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பில்லில் மட்டும் பொருளும் கூலியும் பிரித்துக் காட்டினால் அது பிரித்த ஒப்பந்தம் ஆகிவிடாது. பில் பிரித்துத்தான் வரவேண்டும் என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால்தான் அது எடுபடும். பிரித்து எழுதிய இரண்டு தொகைகளையும் கூட்டி அடியில் மொத்தம் காட்டுவதால் பிரித்த ஒப்பந்தம் ஒரே தொகையாக மாறுவதும் இல்லை.

வீட்டிலேயே வேறு சட்டத்தில் வருபவையும் உண்டு. தோட்டம் அமைப்பது, புல்வெளிப் பராமரிப்பு, வீடு துப்புரவு, பூச்சி மருந்து அடிப்பது ஆகியவை டெக்ஸாஸில் வரிக்குட்பட்ட சேவைகள். குடியிருப்பாக இருந்தாலும் கூலி உட்பட முழுத் தொகைக்கும் வரி உண்டு. பின்கட்டில் கான்கிரீட் தளம் போட்டு, அதைச் சுற்றிப் புல்லும் செடியும் வைக்க ஒரே ஆளிடம் பேசினால், செடி வேலையைத் தனி விலையாக எழுதச் சொல்வது நல்லது.

கடை என்றால் கணக்கே வேறு

இதுவரை சொன்னதை நம்பி ஒருவர் தன் உணவகத்துக்கும் அதே முறையில் ஒப்பந்தம் எழுதினால் சிக்கல். குடியிருப்பு அல்லாத கட்டடத்தில் பழுதுபார்ப்பது, புதுப்பிப்பது, மாற்றியமைப்பது எல்லாம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் முதல் வரிக்குட்பட்ட சேவை. பொருள், கூலி, ஒப்பந்தக்காரரின் லாபம் என்று முழுத் தொகைக்கும் வரி. ஒரே தொகையாக எழுதினாலும், பிரித்து எழுதினாலும், ஓடுகளை நீங்களே வாங்கிக் கொடுத்தாலும் கூலியின் மேல் வரி விழுந்தே தீரும். ‘பிரித்து எழுதினால் கூலிக்கு வரி இல்லை’ என்ற வீட்டு அனுபவத்தை இங்கே கொண்டுவந்து வைத்துச் சிறு வியாபாரிகள் ஏமாறுவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அந்தப் பணம் அவர்கள் கணக்கில் வைக்காத பணம்.

கடையில் முக்கியம் வேறொரு கோடு. வேலை புதுக் கட்டுமானமா, பழையதை மாற்றுவதா? புதுக் கட்டுமானமென்றால் வணிகக் கட்டடத்திலும் கூலிக்கு வரி இல்லை. வீட்டுக்குச் சொன்ன அதே இரு முறைகள் அங்கேயும் பொருந்தும்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரு கடைவரிசைக்குள் நின்று பார்க்கலாம். டல்லாஸின் புறநகரான ஃபிரிஸ்கோ பக்கம் புதிதாகக் கட்டிய வரிசையில் ஓர் இடம். தரை வெறும் கான்கிரீட், கூரைத் தகடும் குழாய்களும் அப்படியே தெரிகின்றன, பக்கச் சுவருக்குப் பூச்சு இல்லை, கழிப்பறை இல்லை. இதற்கு முன் யாரும் உள்வேலை செய்ததில்லை. இங்கே டிபன் கடை போட நீங்கள் செய்யும் முதல் உள்வேலை, சட்டத்தின் பார்வையில் புதுக் கட்டுமானம். அதே வரிசையில் நான்கு கதவு தள்ளி இன்னோர் இடம். முன்பு பீட்சா கடை இருந்தது. சமையலறைப் புகைபோக்கி, எண்ணெய்ப் பொறி (கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் தடுக்கும் தொட்டி), இரண்டு கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. அங்கே சுவரைத் தள்ளி வைத்து, தரையைப் பெயர்த்துப் புதிது போட்டு, அடையாளமே தெரியாமல் மாற்றினாலும் அது மாற்றியமைக்கும் வேலைதான்.

இரண்டு இடத்திலும் 1,20,000 டாலர் செலவு, அதில் பொருள் 50,000 என்று கொள்வோம். முதல் இடத்தில் வரி 50,000 மேல் மட்டும், 4,125 டாலர். இரண்டாவதில் முழுத் தொகை மேல், 9,900 டாலர். வித்தியாசம் 5,775.

இதைப் பார்த்துவிட்டு வெற்றிடத்தையே எடுக்கலாம் என்று முடிவுகட்ட வேண்டாம். புகைபோக்கியும் எண்ணெய்ப் பொறியும் கழிவுநீர்க் குழாயும் புதிதாகப் போடும் செலவு இந்த வரி வித்தியாசத்தை எளிதில் விழுங்கிவிடும். சமையலறை நல்ல நிலையில் இருக்கும் பழைய இடமே உணவகத்துக்குப் பெரும்பாலும் சிக்கனம். வரி என்பது அந்த இடத்தின் விலையில் ஒரு பகுதி என்று எண்ணி, வாடகை பேசும்போதே கணக்கில் சேருங்கள். உள்வேலைக்குக் கட்டட உரிமையாளர் தரும் உதவித்தொகையில் இந்த வரியும் அடங்குமா என்பதைக் குத்தகைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

இரண்டும் கலந்த வேலைதான் அதிகம் கவனம் கேட்கிறது. கடையின் பின்பக்கம் 800 சதுர அடி புதிதாக இழுத்துக் கட்டுகிறீர்கள், கூடவே முன்பக்கத்தை மாற்றுகிறீர்கள். பயன்படுத்தத்தக்க பரப்பைக் கூட்டுவது புதுக் கட்டுமானம். ஏற்கெனவே உள்ள பரப்புக்குள் சுவர்களை நகர்த்துவது மாற்றியமைப்பு. உள்ளே ஓர் இடைத்தளம் போட்டுப் பரப்பைக் கூட்டினால் அது புதுக் கட்டுமானம். கூரையை மட்டும் உயர்த்தினால், கூடுதல் பரப்பு கிடைக்காதவரை அப்படி இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே விலை எழுதினால் முழுவதும் வரிக்குட்பட்டது என்றே காம்ப்ட்ரோலர் அலுவலகம் கருதும். அதனால் கடைக்காரர் ஒப்பந்தத்தில் வற்புறுத்திப் பிரிக்க வேண்டியது புதிய பகுதியின் விலையையும் பழைய பகுதியின் விலையையும். பொருளையும் கூலியையும் பிரிப்பதில் அவர் காட்டும் அக்கறை அதற்குப் பிறகு வரட்டும்.

மாற்றியமைப்பு வேலையில் ஒப்பந்தக்காரர் பக்கமும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்தோடு சேரும் பொருள்களை அவர் மறுவிற்பனைச் சான்றிதழில் வரியில்லாமல் வாங்கலாம், ஏனென்றால் உங்களிடம் முழுத் தொகைக்கும் வரி வாங்கப்போகிறார். பழக்கதோஷத்தில் கடையிலும் வரி கட்டிவிட்டு அதையும் விலையில் ஏற்றினால், ஒரே பொருளுக்கு நீங்கள் இரண்டு முறை வரி கொடுக்கிறீர்கள். விலை பேசும்போதே இதைக் கேட்பதில் தவறில்லை.

எது குடியிருப்பு என்பதிலும் தடுமாற்றம் உண்டு. வாடகைக்கு விட்ட வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, முதியோர் இல்லம் எல்லாம் குடியிருப்பே. ஹோட்டலும் மோட்டலும் அல்ல. மோட்டல் நடத்துகிறவர் அறைக்குக் கம்பளம் மாற்றினால் முழுத் தொகைக்கும் வரி.

கடைக்காரர்களுக்கு ஒரு சலுகை, கால அட்டவணைப்படி நடக்கும் பராமரிப்பு. ஏசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தின் கூலிக்கு வரி இல்லை. அதே ஏசி நின்றுபோன பிறகு ஆளைக் கூப்பிட்டால் அது பழுதுபார்ப்பு, முழுத் தொகைக்கும் வரி. எப்படியும் செலவு உண்டு என்றால் முதல் வழியே புத்திசாலித்தனம்.

புயலும் வெள்ளமும் வரும் மாநிலம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரிடர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், அந்தப் பேரிடரால் சேதமான கட்டடத்தைச் சீர்செய்யும் கூலிக்கு விலக்கு உண்டு, வணிகக் கட்டடத்துக்கும்கூட. ஆனால் கூலி தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்ததைப் போன்ற சமயத்தில், வெள்ளம் புகுந்த கடைக்கு அவசரத்தில் ஒரே தொகை ஒப்பந்தம் எழுதுகிறவர் அந்த விலக்கைக் கைநழுவ விடுகிறார். மாற்றியமைப்பு வேலையில் பொருளையும் கூலியையும் பிரித்து எழுதுவது பலன் தரும் முக்கியமான இடம் இது.

கோயிலும் தமிழ்ப்பள்ளியும்

வரிவிலக்குப் பெற்ற சமய, கல்வி அமைப்புகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஒப்பந்தம் எப்படி எழுதினாலும், விலக்குச் சான்றிதழை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால் கட்டடத்தோடு சேரும் பொருள்களுக்கு வரி இல்லை. மாற்றியமைப்பு வேலைக்கும் இல்லை. ஆபத்து வருவது நம் உபய மரபிலிருந்து. ‘மண்டபத் தரை என் உபயம்’ என்று ஓர் அன்பர் முன்வந்து, ஒப்பந்தக்காரரிடம் தானே பேசித் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதினால், வாங்குகிறவர் அவர்தானே தவிர கோயில் அல்ல. விலக்கு கேள்விக்குறியாகிவிடும். உபயத் தொகையைக் கோயிலுக்குக் கொடுத்து, கோயில் பெயரில் ஒப்பந்தமும் பணப் பட்டுவாடாவும் நடப்பதுதான் முறை. கல்வெட்டில் பெயர் போடுவதற்கு அது தடையாகாது.

வேறு மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ டெக்ஸாஸுக்குக் குடிபெயர்கிறவர்கள் பழைய கணக்கை மறந்துவிட வேண்டும். அங்கே கேள்வி, வேலை நிலையான மேம்பாடா, வெறும் பழுதா என்பது. மேம்பாடு என்றால் நியூ ஜெர்சியில் எஸ்டி-8, நியூயார்க்கில் எஸ்டி-124 என்ற படிவத்தைக் கொடுத்தால் பொதுவாக ஒப்பந்தக்காரர் உங்களிடம் வரி வாங்கமாட்டார். அது வீடானாலும் கடையானாலும் சரி. ஆனால் வீட்டுக் கூரை ஒழுகலை அடைப்பதற்கு அங்கே கூலிக்கும் வரி உண்டு. டெக்ஸாஸில் இரண்டும் தலைகீழ். வீட்டு ஒழுகல் கூலிக்கு வரி இல்லை, கடையை அடியோடு மாற்றினால் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் சொந்த நிலத்தில் ஒப்பந்தக்காரரை வைத்து வீடு கட்டினால் கூலி உட்பட முழு ஒப்பந்தத் தொகைக்கும் விற்பனை வரி. சியாட்டிலில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். அங்கே பொருளும் கூலியும் பிரித்தெழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மீண்டும் டெக்ஸாஸுக்கு. வரி வசூலிக்காமல் விட்டது ஒப்பந்தக்காரரின் தவறு என்றாலும், காம்ப்ட்ரோலர் அலுவலகம் அந்த வரியை வேலை செய்வித்த உங்களிடமும் கேட்கலாம். தணிக்கை பொதுவாக நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகும். கடைக்காரர்கள் ஒப்பந்தம், மாற்ற உத்தரவுகள், பில், கொடுத்த சான்றிதழ்களின் நகல் எல்லாவற்றையும் அதுவரையாவது வைத்திருக்க வேண்டும். உங்களிடம் வரி வசூலிக்கும் ஒப்பந்தக்காரருக்கு விற்பனை வரி அனுமதி எண் இருக்க வேண்டும். வீட்டு வேலையை ஒரே தொகையில் மட்டும் செய்கிறவருக்கு அது தேவையில்லை, ஆகவே எண் இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம். எண் இல்லாமல் பில்லில் வரி போடுகிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்பதைக் காம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.